சறுக்கோட்ட வீரர் கோஸும் சட்டைப் பந்தும்

பனிக்கட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவன மீன் சந்தையும் சர்பத் கடையும் தாம். அதன்மேல் மனிதன் ஓடிப் பந்தயமிடுவதை நம்மில் பலர் படத்தில் மட்டுமே கண்டிருப்போம். ஆனால் நார்வே, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் ஏரியும் கால்வாயும் உறையும் குளிர்காலத்தில், காலணியின் அடியில் இரும்பு அலகைக் கட்டிக்கொண்டு சறுக்கிச் செல்வது நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்திலிருந்து பிறந்ததே 'ஸ்பீடு ஸ்கேட்டிங்' எனப்படும் விரைவுச் சறுக்கோட்டம். நமக்குக் கபடி எவ்வளவு நெருக்கமோ, அவர்களுக்கு இது அவ்வளவு நெருக்கம்.

இவ்விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர் நார்வே நாட்டின் யோஹான் ஓலாவ் கோஸ். அவர் பெற்ற பதக்கங்களை அடுக்கிக் காட்டுவது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. பதக்கம் பெற்ற கையோடு அவர் ஒரு செயலைச் செய்தார். அச்செயலைக் குறித்து அவர் நாட்டிலேயே ஒரு கேள்வி எழுந்தது. "பசித்திருக்கும் குழந்தைக்குப் பந்து எதற்கு?" என்பதே அக்கேள்வி. பொதுத்தொண்டில் நாட்டமுடைய மாணவர் எவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஆதலின் சற்று விரிவாகவே ஆராயலாம்.

பந்தயத்தின் இயல்பு

சறுக்கோட்டத் தளம் 400 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டம். நம் விளையாட்டுத் திடலின் ஓடுபாதையைப் பனிக்கட்டியாக நினைத்துக்கொண்டால் போதும். ஒரு நேரத்தில் இருவர் மட்டுமே ஓடுவர். ஒருவர் உட்பாதையில், மற்றவர் வெளிப்பாதையில். வளைவில் உட்பாதை குறுகியது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்புற நேர்க்கோட்டில் இருவரும் பாதை மாறிக்கொள்ள வேண்டும். அவ்விடத்தில் இருவரும் நெருங்கிவிட்டால், வெளிப்பாதையிலிருந்து உள்ளே வருபவருக்கே வழிவிட வேண்டும் என்பது விதி. இறுதியில் கணக்கில் வருவது கடிகாரம் ஒன்றே. பக்கத்தில் ஓடுபவரை வென்றும் பதக்கம் இன்றித் திரும்புவோர் பலர்.

காலணியின் அடியிலுள்ள எஃகு அலகு மிக மெல்லியது. நீளமோ பாதத்தைவிட மிகுதி. அலகு முன்னோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பதால், தரையில் ஓடுவதுபோல் பின்னோக்கி உதைக்க இயலாது. பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க இடுப்பை மடித்து, முதுகைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்வர். நீண்ட தூரப் பந்தயத்தில் கைகளை முதுகின்மேல் கட்டிக்கொண்டு ஓடுவதும் உண்டு. காண்பவர்க்கு அது ஏதோ உலாப் போவதுபோல் தோன்றும். தொடைத் தசை படும் பாட்டை அறிய விரும்புவோர், நாற்காலியில் அமர்வதுபோல் பாதி அமர்ந்த நிலையில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம்.

500, 1500, 5000, 10,000 மீட்டர் ஆகிய நான்கு பந்தயங்களிலும் ஒருவரே ஓடி, மொத்தப் புள்ளி கண்டு முடிசூட்டுவது உலக முழுத்திறன் போட்டி. 500 மீட்டருக்கு ஆன விநாடிகளே புள்ளி. 1500 மீட்டர் நேரத்தை 3ஆலும், 5000 மீட்டர் நேரத்தை 10ஆலும், 10,000 மீட்டர் நேரத்தை 20ஆலும் வகுத்துக் கூட்டுவர். கூட்டுத்தொகை குறைந்தவரே வென்றவர். விரைந்தோடும் ஆற்றலும் நெடிது தாங்கும் ஆற்றலும் ஒருங்கே வாய்த்தவர்க்கே இப்பட்டம் கிட்டும். கோஸ் இதனை 1990, 1991, 1994 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார்.

இளமையும் ஆல்பர்ட்வில்லும்

கோஸ் 1968ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் டிராம்மென் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனும் மருத்துவக் கல்வியையே மேற்கொண்டார். ஒலிம்பிக் பந்தயங்களில் அவர் ஓடியது மாணவப் பருவத்தில்தான் என்பது நம் மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

1992இல் பிரான்சு நாட்டின் ஆல்பர்ட்வில் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. உலகப் பட்டம் இருமுறை வென்றிருந்த கோஸ்மீதே நார்வே மக்களின் நம்பிக்கை முழுவதும் இருந்தது. ஆனால் தொடக்க விழா நடந்தபோது அவர் கணைய அழற்சியால் மருத்துவமனையில் படுத்திருந்தார். பித்தப்பைக் கல்லே அதற்குக் காரணம். படுக்கையை விட்டெழுந்த சில நாட்களில் 5000 மீட்டர் ஓடி ஏழாம் இடம் பெற்றார். அத்தோடு ஊர் திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ அடுத்து 1500 மீட்டரில் ஓடித் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த தம் நாட்டவரான ஓட்னெ சோன்ட்ரோலை அவர் முந்தியது 0.04 விநாடியால். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ அரை மீட்டர் தூரம். 10,000 மீட்டரில் நெதர்லாந்தின் பார்ட் வெல்ட்காம்ப் தங்கம் வெல்ல, கோஸுக்கு வெள்ளி கிடைத்தது.

அதுவரை கோடைகால ஒலிம்பிக்கும் குளிர்கால ஒலிம்பிக்கும் ஒரே ஆண்டில் நடந்து வந்தன. இரண்டையும் பிரிக்க முடிவாகியதால், அடுத்த குளிர்கால விழா நான்கு ஆண்டுக்குப் பதில் இரண்டே ஆண்டில், 1994இல் வந்தது. இடம், நார்வேயின் லில்லெஹாம்மர். கோஸுக்குச் சொந்த மண்.

எரித்திரியாவில் கண்ட காட்சி

ஹாமர் நகரின் வெற்றிகளுக்குச் செல்லுமுன் ஆப்பிரிக்காவுக்கு ஒருமுறை போய்வர வேண்டியுள்ளது. ஏனெனில் பின்னர் நிகழ்ந்தவற்றின் வித்து அங்கேதான் விழுந்தது.

லில்லெஹாம்மர் விழாக் குழுவினர், நார்வேயின் செஞ்சிலுவைச் சங்கம் முதலிய தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து 'ஒலிம்பிக் உதவி' என்னும் நிதித் திட்டத்தை 1992இல் தொடங்கினர். 1984இல் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய சரயேவோ நகரம் போரில் சிக்கித் தவித்ததே அதற்குத் தூண்டுகோல். போரால் துன்புற்ற வேறு நாடுகளும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எரித்திரியா. முப்பது ஆண்டுப் போருக்குப்பின் 1993இல் தனிநாடான தேசம் அது. திட்டத்தின் தூதராகக் கோஸ் அங்கே அனுப்பப்பட்டார். லில்லெஹாம்மர் விழாவுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

எரிந்து கிடந்த பீரங்கி வண்டிகளும், போரில் மடிந்த வீரர்களின் படங்கள் நிறைந்த சுவர்களும் அவர் கண்ணில் பட்டன. அவ்வூர்ச் சிறுவர்க்கு அந்த வீரர்களே முன்மாதிரிகள். ஓரிடத்தில் சில சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவனைச் சுற்றி மட்டும் மற்றவரெல்லாம் மொய்த்தனர். காரணம் கேட்டபோது, அவனிடம்தான் நீளக்கைச் சட்டை இருக்கிறது என்றார்கள். அதைக் கழற்றிச் சுருட்டிக் கைகளைச் சேர்த்து முடிந்தால் பந்து ஆகிவிடும், ஆட்டம் நடக்கும். முடிச்சு அவிழ்ந்தால் ஆட்டம் நிற்கும். மீண்டும் முடிந்து தொடர்வார்கள். இந்நிகழ்ச்சியைக் கோஸ் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கந்தல் துணியைச் சுருட்டி, சைக்கிள் டியூபை வளையங்களாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிப் பந்து செய்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இக்கதையில் வியப்பு ஒன்றும் இராது. வியந்தவர் வசதியான நாட்டிலிருந்து வந்த கோஸ்தான். போட்டி முடிந்ததும் உண்மையான பந்தோடு வருவதாக அச்சிறுவர்களிடம் சொல்லிவிட்டு அவர் நாடு திரும்பினார்.

ஹாமரின் எட்டு நாட்கள்

லில்லெஹாம்மர் விழாவின் சறுக்கோட்டப் போட்டிகள் அருகிலுள்ள ஹாமர் நகரில் நடைபெற்றன. அதற்கென எழுப்பிய மண்டபத்தின் கூரை, கவிழ்த்து வைத்த பழங்காலக் கப்பலைப் போன்றது. ஆதலின் 'வைக்கிங் கப்பல்' என்றே அதற்குப் பெயர். ஆல்பர்ட்வில்லில் திறந்தவெளித் தளத்தில் வெயிலும் காற்றும் பனிக்கட்டியை இளக்கிவிட்டன. இங்கே கூரையின்கீழ்ப் பனிக்கட்டி கண்ணாடிபோல் இருந்தது.

பிப்ரவரி 13: 5000 மீட்டர். கோஸ் 6 நிமிடம் 34.96 விநாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தார். இரண்டாம் இடம் பெற்ற ஷெல் ஸ்டோரெலி அவருக்கு 7.72 விநாடி பின்தங்கினார்.

பிப்ரவரி 16: 1500 மீட்டர். 1 நிமிடம் 51.29 விநாடி, மீண்டும் உலகச் சாதனை. நெதர்லாந்தின் ரின்ட்யே ரிட்ஸ்மாவுக்கு வெள்ளி.

பிப்ரவரி 20: 10,000 மீட்டர். இருபத்தைந்து சுற்றுகள். இதற்கு முந்தைய உலகச் சாதனையும் கோஸ் உடையதே. 1991இல் நெதர்லாந்தின் ஹீரன்வேன் தளத்தில் 13 நிமிடம் 43.54 விநாடி. ஹாமரில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 13 நிமிடம் 30.55 விநாடி. நூறில் ஒரு விநாடிக்குப் போராடும் விளையாட்டில் 12.99 விநாடி ஒரேயடியாகக் குறைந்தது. சுற்றுக்குச் சராசரி 32.4 விநாடி, மணிக்கு 44 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். அதாவது நம் நகரப் பேருந்தின் வேகத்தைத் தம் இரு கால்களால் பதின்மூன்றரை நிமிடம் இடைவிடாது காத்தார். வெள்ளி வென்ற ஸ்டோரெலி 18.70 விநாடி கழித்தே எல்லைக் கோட்டைத் தொட்டார். கணக்கிட்டால் அது அரைச் சுற்றுக்கும் மேலான இடைவெளி.

இதே மூன்று பந்தயங்களிலும் 1952இல் ஆஸ்லோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் யால்மர் ஆண்டர்சன். அவரும் நார்வே நாட்டவர். அதுவும் சொந்த மண்ணில் நடந்த விழா. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவ்வெற்றி மீண்டும் நிகழ்ந்ததால் நார்வே மக்கள் அடைந்த களிப்பைச் சொல்லாமலே உணரலாம். கோஸின் காலத்தில் அலகு காலணியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. முன்பாதத்தில் கீல் வைத்து, குதிகால் எழும்போதும் அலகு பனியை விட்டு அகலாதபடி அமைத்த 'கிளாப் ஸ்கேட்' பின்னரே பரவியது. அக்காலணியின் துணையோடு 1998 நாகானோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் சாதனை தகர்ந்தது. கோஸ் 13:30.55 ஓடியது பழைய காலணியில் என்பதை மறந்து பின்வந்தோரின் எண்களோடு ஒப்பிடுவது பொருந்தாது.

பத்துக் குரோனர்

மூன்று வெற்றிகளுள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது நடுவில் வந்த 1500 மீட்டர். அவ்வெற்றிக்குக் கிடைத்த ஊக்கத்தொகை 2,25,000 குரோனர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 30,000 டாலர். அது முழுவதையும் 'ஒலிம்பிக் உதவி' நிதிக்குக் கொடுப்பதாகக் கோஸ் அறிவித்தார். அறிவித்தவர் செல்வந்தர் அல்லர். படிப்பை முடிக்காத மருத்துவ மாணவர்.

அவர் அதோடு நிற்கவில்லை. நார்வே வெல்லும் ஒவ்வொரு தங்கத்துக்கும் ஒவ்வொரு குடிமகனும் பத்துக் குரோனர் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். என் கருத்தில், அவருடைய கொடையைக் காட்டிலும் இவ்வேண்டுகோளே நுட்பமானது. பத்துக் குரோனர் யாருக்கும் சுமையன்று. தம் வீரர் வெல்லும்போது மகிழ்கிற மகிழ்ச்சிக்கு ஒரு சிறு விலை வைத்தது போலாயிற்று. தங்கம் கூடக்கூட நிதியும் கூடும். கொடுப்பவரும் கவலையின்றிக் கொடுப்பார். அன்று நார்வேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 43 லட்சம். விழா முடிவில் அந்நாடு பெற்ற தங்கம் 10. ஆக ஒருவர் பங்கு நூறு குரோனர். தாம் வென்ற சறுக்குக் காலணிகளையும் கோஸ் ஏலத்தில் விட்டு, அப்பணத்தையும் சேர்த்தார். மொத்தம் திரண்டது 1 கோடியே 80 லட்சம் டாலர் என்று அவ்வமைப்பின் வரலாறு குறிக்கின்றது.

இவ்வளவு பணம் திரண்டதற்கு வேண்டுகோள் மட்டும் காரணமன்று; காலமும் துணை நின்றது. விழா தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 5ஆம் நாள், சரயேவோவின் மார்க்காலே சந்தையில் குண்டு விழுந்து 68 பேர் மாண்டனர். பத்தாண்டுக்கு முன் ஒலிம்பிக் நடந்த ஜெத்ரா மண்டபம் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. அதன் மர இருக்கைகள் சவப்பெட்டி செய்யப் பயன்பட்டன. அருகிலிருந்த நிலம் இடுகாடாயிற்று. ஒலிம்பிக் குழுத் தலைவர் சமராஞ்ச் விழா நடக்கும்போதே சரயேவோவுக்குச் சென்று வந்தார். சறுக்கோட்டத்தைத் தம் உயிராகக் கருதும் மக்களுக்கு, ஒரு பனித்தளத்தின் அருகே புதைகுழி என்னும் செய்தி எவ்வளவு உறைத்திருக்கும்! சரயேவோவுக்கும் எரித்திரியா, குவாத்தமாலா, ஆப்கானிஸ்தான், லெபனான் ஆகிய நாடுகளுக்கும் அந்நிதி பகிர்ந்தளிக்கப்பட்டது. ஜெத்ரா மண்டபம் போருக்குப்பின் சீரமைக்கப்பெற்று 1999இல் திறக்கப்பட்டது.

பந்து எதற்கு?

கோஸ் 1994இலேயே பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவ்வாண்டே எரித்திரியச் சிறுவர்களிடம் சொன்ன சொல்லைக் காக்கப் புறப்பட்டார். நார்வேப் பள்ளிப் பிள்ளைகளிடம் விளையாட்டுப் பொருள்கள் தருமாறு கேட்டார். பந்தும் பிறவுமாக விமானம் நிறையச் சேர்ந்தன.

அங்கேதான் கேள்வி எழுந்தது. பஞ்சமும் போரும் தின்ற நாட்டுக்கு மருந்தும் மாவும் அல்லவா கொண்டுபோக வேண்டும், பந்தைச் சுமந்து போவதா என்று நார்வேயில் கண்டனம் கிளம்பியது. இதனை அறியாமையால் எழுந்த கண்டனம் என்று ஒதுக்கிவிட முடியாது. விமானத்தில் இடம் அளவுக்குட்பட்டது. ஒரு பந்து அடைத்த இடத்தில் ஒரு பொட்டலம் மருந்து போயிருக்கலாம். கோஸுக்கும் இது உறுத்தியது. மருத்துவம் பயில்பவர் அல்லவா? எரித்திரியாவின் அதிபர் இசையாஸ் அஃப்வெர்க்கியைச் சந்தித்தபோது, உணவு கொண்டுவராமல் பந்து கொண்டுவந்ததற்கு மன்னிப்புக் கேட்டதாக அவரே கூறியிருக்கிறார். அதிபரோ, இதைவிடச் சிறந்த கொடை இல்லை என்றாராம். உயிர் பிழைத்திருக்க வேண்டிய உடல்களாக மட்டும் கருதாமல், மனிதர்களாகக் கருதி ஒருவர் எங்களுக்குக் கொண்டுவந்தது இதுவே முதன்முறை என்பது அவர் சொன்னதன் கருத்து.

இம்மறுமொழியை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆட்சியாளர் விருந்தினரிடம் பேசும் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அதில் முகமனும் கலந்திருக்கும். பசித்த தாயிடம் கேட்டிருந்தால் மறுமொழி வேறாக இருந்திருக்கலாம். ஆயினும் அதில் ஓர் உண்மை உள்ளது. சட்டையைச் சுருட்டிப் பந்து செய்த சிறுவனுக்குத் தேவை எது என்பதை அவனே காட்டிவிட்டான். உடுத்த ஒரே சட்டை அது. அதையும் கழற்றி ஆட்டத்துக்குக் கொடுத்தான். கோஸ் தமக்குத் தோன்றியதைக் கொண்டுபோகவில்லை, அவன் செய்துகொண்டிருந்ததைக் கண்டு அதற்கு வேண்டியதைக் கொண்டுபோனார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. உணவும் மருந்தும் கொண்டுசெல்ல வேறு நிறுவனங்கள் இருந்தன. பந்து கொண்டுசெல்ல எவருமில்லை. குழந்தைகளின் உரிமைகள் பற்றி 1989இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. ஏட்டில் இருந்த அப்பிரிவை எடுத்துப் பார்த்தவர் அன்று குறைவு.

விமானத்திலிருந்து பயிற்சிக்கு

பந்து கொடுத்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. பந்து கிழியும், காற்றுப் போகும், வலிய பையன் எடுத்து வைத்துக்கொள்வான், பெண் குழந்தைகள் ஓரமாய் நின்று பார்ப்பார்கள். பொருளை இறக்கிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் தொண்டின் குறை இதுதான். கோஸின் வாழ்க்கையில் இரண்டாம் கட்டம் இக்குறையை உணர்ந்ததிலிருந்து தொடங்கியது எனலாம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். யூனிசெப்பின் தூதராகவும் பணியாற்றினார். 'ஒலிம்பிக் உதவி'யின் நிதி குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பணிக்கும் சென்றது. 2000ஆம் ஆண்டில் அது நிதி திரட்டித் தரும் ஏற்பாடு என்ற நிலையிலிருந்து, தானே களத்தில் இறங்கும் தொண்டு நிறுவனமாக மாறியது. கனடாவின் டொரோன்டோ நகரம் தலைமையிடமாயிற்று. 2001இல் அங்கோலா, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளின் அகதி முகாம்களில் முதல் திட்டங்கள் தொடங்கின. 2003இல் 'ரைட் டு பிளே', அதாவது 'விளையாடும் உரிமை' என்று பெயர் மாற்றம் பெற்றது.

இதன் செயல்முறை எளியது. வெளிநாட்டுப் பயிற்சியாளரை நிரந்தரமாக வைப்பதற்குப் பதில், அந்தந்த முகாமிலும் ஊரிலும் உள்ள இளைஞரையும் ஆசிரியரையும் பயிற்றுவித்து அவர்களிடமே ஆட்டத்தை ஒப்படைப்பது. ஆட்டம் முடிந்ததும் குழந்தைகள் வட்டமாக அமர்வர். ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்ப்பது முதற்படி. வாழ்க்கையில் அதுபோல் நிகழ்ந்ததுண்டா என்று இணைத்துப் பார்ப்பது இரண்டாம் படி. அடுத்த முறை என்ன செய்யலாம் என்பது மூன்றாம் படி. நோய்த் தடுப்பு, சண்டையைத் தீர்த்தல், பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றை இவ்வழியில் பேச முடிகிறது. விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதி நாற்பது நிமிடம் ஓடவிட்டு அனுப்பிவிடும் நம் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த வட்டமாய் அமரும் பத்து நிமிடத்தின் அருமை விளங்கும்.

குறை இல்லாமல் இல்லை. தடுப்பூசியை எண்ணிக் கணக்குக் காட்டலாம். ஒரு பையன் சண்டையிடாமல் திரும்பியதை எப்படி எண்ணுவது? பணம் கொடுப்பவர் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பார். குழந்தையின் மாற்றமோ ஆண்டுக் கணக்கில் அடங்காது. புகழ்பெற்ற வீரர்களின் பெயரால் திரளும் நிதி, அவர்கள் பெயர் மங்கும்போது மங்கிவிடும் அபாயமும் உண்டு.

பின்வந்தோர்

அவ்வபாயத்தைச் சற்றே தள்ளிப் போட்டவர்கள் கோஸுக்குப் பின் வந்த சறுக்கோட்ட வீரர்களே. 2006இல் இத்தாலியின் டூரின் ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜோயி சீக், செய்தியாளர் கூட்டத்தில் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதைச் சுருக்கிக்கொண்டு, தமக்குக் கிடைக்கும் 25,000 டாலரை 'ரைட் டு பிளே'க்கு அளிப்பதாகச் சொன்னார். சூடானின் டார்ஃபூர்ப் பகுதியிலிருந்து சாட் நாட்டுக்கு ஓடிவந்த அகதிக் குழந்தைகளுக்கு அது சேரவேண்டும் என்றார். கோஸ் காட்டிய வழியே தமக்குத் தூண்டுதல் என்பதையும் மறைக்கவில்லை. 1000 மீட்டரில் வெள்ளி வென்று பெற்ற 15,000 டாலரையும் கொடுத்துவிட்டார். பின்னர் டார்ஃபூருக்காக விளையாட்டு வீரர்களை ஒன்றுதிரட்டி அவர் குரல் கொடுத்ததன் விளைவாக, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் புறப்படும் தறுவாயில் சீன அரசு அவருடைய விசாவை ரத்துச் செய்தது. கொடை கொடுத்தவரைப் போற்றும் உலகம், கொடைக்குக் காரணமான கொடுமையைப் பற்றிப் பேசும்போது முகம் திருப்பிக்கொள்கிறது.

கனடாவின் கிளாரா ஹியூஸ் வேறு வகையினர். 1996 அட்லாண்டாவில் சைக்கிள் பந்தயத்தில் இரு வெண்கலம் பெற்றவர். பிறகு பனித்தளத்துக்கு வந்தார். டூரினில் 5000 மீட்டரில் தங்கம் வென்றபோது, அந்நாட்டில் பதக்கத்துக்கு ஊக்கத்தொகை தரும் வழக்கம் இல்லை. எனவே தம் சொந்தச் சேமிப்பிலிருந்து 10,000 டாலரை எடுத்துக் கொடுத்தார். கிடைத்த பரிசைக் கொடுப்பதும், கிடைக்காத பரிசைக் கொடுப்பதும் ஒன்றல்ல.

அடுத்த ஒலிம்பிக் 2010இல் கனடாவின் வான்கூவரிலேயே நடந்தது. 'ரைட் டு பிளே'யின் தலைமையிடமும் அந்நாட்டில்தான். ஆனால் அவ்வமைப்புக்குப் பொருளுதவி செய்த ஒரு நிறுவனமும், விழாவுக்குப் பொருளுதவி செய்த ஒரு நிறுவனமும் ஒரே தொழிலில் போட்டியாளர்கள். இக்காரணத்தால், ஒலிம்பிக் விழாவிலேயே பிறந்த அவ்வமைப்புக்கு வீரர்கள் தங்கும் குடியிருப்பில் இடம் மறுக்கப்பட்டது. அந்த விழாவில் ஹியூஸ் 5000 மீட்டரில் வெண்கலம் வென்றார். இம்முறை ஊக்கத்தொகை உண்டு; 10,000 டாலர். அதை அவர், படிப்பில் வழிதவறிப் போகும் நிலையிலிருந்த வான்கூவர் நகரத்து இளைஞர்களுக்கான ஒரு கல்வித் திட்டத்துக்குக் கொடுத்தார்.